திண்ணைக்கு வந்த அதிசயம்



கதை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? கணக்குப் பாடத்தில் கொட்டாவி விடுகிறவர்கள்கூடக் கதை என்றதும் நிமிர்ந்து உட்காருவதை நாம் தினமும் காண்கிறோம். ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. துப்பறியும் கதையைப் படித்து முடித்ததும் மறந்துவிடுகிறோம். அழுகைக் கதை படித்தால் தலை வலிக்கிறது. இவை தவிர வேறொரு வகைக் கதையும் உண்டு. அதில் பெரிய சண்டை இல்லை, வில்லன் இல்லை. ஒரு வீடு, ஒரு தெரு, மழை, அடுப்பங்கரை, காபி வாசனை, அவ்வளவுதான். இவற்றுக்கு நடுவே, யாரும் எதிர்பாராத நேரத்தில், நடக்க முடியாத ஒன்று நடந்துவிடுகிறது. நடந்த பின்னும் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. இவ்வகைக் கதைகள் நம் மனத்தை இவ்வளவு கவர்வது ஏன் என்று எங்கள் வகுப்பில் பல நாள் பேசினோம். அப்படிப் பேசியதன் சுருக்கமே இக்கட்டுரை.

நிழல் தரும் கதைகள்

குளிர் நாட்டு மக்கள் இத்தகைய கதைகளைக் கதகதப்பான கதைகள் என்று கருதுகிறார்கள். வெளியே பனி பெய்யும்போது கணப்பின் அருகே போர்வையைப் போர்த்திக்கொண்டு படிக்க ஏற்றவையாம். வையம்பட்டியில் இருந்துகொண்டு கதகதப்பை யார் கேட்பார்கள்? திருச்சி மாவட்டம் என்றாலே காவிரியும் வாழைத்தோப்பும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மணப்பாறையைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தால் தெரியும். நிலக்கடலையும் சோளமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மானாவாரி பூமி இது. காவிரியைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள் பஸ் ஏறிப் போக வேண்டும். எங்களுக்குச் சுகம் என்பது வேப்பமர நிழல், மண்பானைத் தண்ணீர், முதல் மழையில் எழும் மண்வாசனை, திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மாயி. ஆகவே இவற்றிற்கு நாங்கள் ‘நிழல் தரும் கதைகள்’ என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

இலக்கியம் கற்றவர்கள் இதற்கு ‘மாய யதார்த்தம்’ என்ற பெயரைச் சொல்கிறார்கள். யதார்த்தமான வாழ்க்கைக்குள் மாயம் கலந்து வருவது என்று பொருள். இச்சொல் முதலில் கதைக்காகத் தோன்றியதன்று. பிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியக் கலை விமர்சகர் 1925-ஆம் ஆண்டில் ஒருவகை ஓவியங்களைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். பிறகுதான் தென் அமெரிக்கக் கதைகளின் வழியாக உலகெங்கும் பரவியது.

விக்கிரமாதித்தன் கதையிலும் அலாவுதீன் கதையிலும் மாயம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே நாடே மாய நாடு. வேதாளம் பேசினால் நாம் வியப்பதில்லை, பேசாவிட்டால்தான் வியப்போம். நிழல் தரும் கதையிலோ வீடு நம் வீட்டைப் போன்றதே. அரிசி விலை அங்கும் ஏறும். பால்காரர் அங்கும் தண்ணீர் கலப்பார். அத்தகைய வீட்டிற்கு அதிசயம் வரும்போது, அது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் விருந்தாளியைப் போல வருகிறது.

வெள்ளத்தைத் தாண்டி வந்த தாய்

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி மலைக்கோட்டையைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இரார். உச்சிப் பிள்ளையாரிடம் ஏறிச் செல்லும் வழியில் இருக்கிறது தாயுமானவர் கோயில். அவருக்கு அந்தப் பெயர் வந்த கதை இதுதான்.

திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த செட்டிப்பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தாள். ரத்னாவதி என்பது அவள் பெயர். தலைப்பிரசவம். தாய் வந்துவிடுவாள் என்ற தைரியத்தில் இருந்தாள். தாயும் மருந்தும் பண்டமும் கட்டிய மூட்டையோடு புறப்பட்டுவிட்டாள். ஆனால் காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய், இக்கரையில் வலியோடு மகள். அப்போது கதவைத் தட்டிக்கொண்டு தாய் வந்தாள். மருந்து கொடுத்தாள், பிள்ளையைக் கையில் ஏந்தினாள், வெந்நீர் வைத்தாள், மகளுக்குப் பத்தியச் சோறு போட்டாள். சில நாள்கள் சென்று வெள்ளம் வடிந்தது. மூட்டையோடு இன்னொரு தாய் வாசலில் வந்து நின்றாள்! ஒரே முகம், ஒரே புடைவை. இருவரையும் பார்த்து மகள் திகைத்தாள். முதலில் வந்த தாய் மறைந்தாள். வந்திருந்தவர் சிவபெருமான் என்று அப்போதுதான் விளங்கியதாம். தாயும் ஆனவர் ஆகையால் தாயுமானவர்.

சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண்ணுக்கு மருத்துவம் பார்த்த இந்நிகழ்ச்சியை இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. நாங்கள் கன்னியர் நடத்தும் பள்ளியில் படிக்கிறவர்கள். எங்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, தேவாலயத்துக்குப் போகிறவர்களும் உண்டு. ஆயினும் இந்தக் கதையைக் கேட்டபோது எல்லாரும் ஒரே மாதிரி வாயடைத்துப் போனோம். காரணம், இதில் கடவுள் இடி மின்னலோடு வரவில்லை. வெந்நீர்ப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறார். கானாவூர்க் கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோன செய்தியும் இதைப் போன்றதுதானே! விருந்தினர் முன்னால் அந்த வீட்டார் தலைகுனியக் கூடாது என்பதல்லவா அங்கே கவலை?

ரொட்டியும் தேவதைகளும்

காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்திலும் இவ்வாறு ஒரு கதை உண்டு. தில்லி சுல்தானின் மகள் அரங்கனின் திருவுருவத்தின் மேல் அன்பு வைத்து, அதைத் தேடி ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்தாள் என்பது கோயில் வழிக் கதை. துலுக்க நாச்சியார் என்று அவளுக்கு அங்கே ஒரு சன்னிதி இருக்கிறது. சிலை கிடையாது, சித்திரம்தான். அவளுக்காக அரங்கனுக்குத் தினமும் ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனம் செய்கிறார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் மணக்கும் மடைப்பள்ளியில் ரொட்டி சுடுகிறார்கள் என்றால், அந்தக் கதை அடுப்பங்கரையில் குடியேறிவிட்டது என்றுதானே பொருள்?

அதே ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர் எழுத்தாளர் சுஜாதா (1935 - 2008). விஞ்ஞானக் கதைகளுக்குப் பேர் பெற்ற அவர் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ என்ற தொகுப்பில் தம் சிறுவயதுத் தெருவை எழுதினார். தேவதைகள் என்று தலைப்பில் இருக்கிறதே தவிர, யாருக்கும் சிறகு இல்லை. எல்லாரும் தெருவில் பார்த்த மனிதர்களே. படித்து முடிக்கும்போது நாமும் அந்த வீதியில் ஒரு வீட்டில் குடியிருந்தது போலத் தோன்றுகிறது. பெயரின் முன்னெழுத்திலேயே லால்குடியைச் சுமந்த லா. ச. ராமாமிர்தம் (1916 - 2007) எழுதிய ‘பாற்கடல்’ என்ற கதையும் அப்படியே. தீபாவளிக்கு ஊருக்கு வராத கணவனுக்கு ஒரு பெண் எழுதும் கடிதம் அது. கூட்டுக்குடும்பத்துக் கூடமும் கொல்லையும் அதில் பூஜை அறையைப் போல ஒளிவிடுகின்றன.

காபி குடித்த கடவுள்

இனி, எங்கள் வகுப்பிலேயே அதிகம் பேருக்குப் பிடித்த கதைக்கு வருவோம். புதுமைப்பித்தன் (1906 - 1948) எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943-ஆம் ஆண்டு ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது. தமிழ்ப் பாடவேளையில் ஒருநாள் டீச்சர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கந்தசாமிப் பிள்ளை சென்னையில் வாழ்பவர். சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார். கையில் இருக்கும் காசுக்கு எது கட்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு பிராட்வே முனையில் நிற்கிறார். பக்கத்தில் ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவர்தான் கடவுள். பிள்ளையோ காலில் விழவில்லை; காபி குடிக்கக் கூட்டிப் போகிறார். சிக்கரி கலந்த ஹோட்டல் காபியைக் கடவுள் குடிக்கிறார். பிள்ளையின் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டுகிறார். சாகாதவருக்கு ஆயுள் சந்தா என்றால் பத்திரிகையின் கதி என்ன என்று நினைத்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு பிள்ளையின் வீட்டிற்கே போய்த் தங்குகிறார். வீட்டுக் குழந்தை அவரைத் தாத்தாவாக்கி விளையாடுகிறது.

ஆனால் கதை இனிப்பாக முடியவில்லை. பூலோகத்தில் மனிதரோடு மனிதராக வாழ்ந்து பார்க்கலாம் என்று வந்த கடவுளுக்குப் பிழைப்பு நடத்தத் தெரியவில்லை. தூரத்தில் இருந்து வரம் தருவது எளிது, கூட இருந்து குடித்தனம் நடத்துவது கடினம் என்று உணர்ந்து போய்விடுகிறார். பிள்ளையின் வறுமை அப்படியே இருக்கிறது. முதலில் கேட்டபோது, “என்ன டீச்சர், கடவுளே வந்தும் ஒண்ணும் மாறலையே!” என்று எங்களில் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தைப் பற்றி இன்னும் சற்று நேரத்தில் சொல்லுவோம்.

பாட்டியின் குரல்

இத்தகைய கதையைச் சொல்வதற்கென்று ஒரு குரல் இருக்கிறது. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1967-இல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்ற நாவலை வெளியிட்டார். 1982-இல் நோபல் பரிசு பெற்றார். நாவல் 2013-இல் தமிழிலும் வந்துவிட்டது. அது பெரியவர்கள் படிக்கும் புத்தகம்; நாங்கள் படிக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் அக்கா ஒருவர் அதிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அழகிய பெண் அப்படியே வானத்துக்கு எழும்பிப் போய்விடுகிறாளாம். வீட்டில் இன்னொருத்திக்கு, போர்வைகளும் சேர்ந்து போய்விட்டனவே என்று கவலையாம்! இப்படிச் சொல்லும் முறையை மார்க்வெஸ் தம் பாட்டியிடம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிய அதிசயத்தையும் முகம் மாறாமல், நேற்று நடந்தது போலச் சொல்லுவாராம் அந்தப் பாட்டி.

நம் கி. ராஜநாராயணனும் (1923 - 2021) அப்படித்தான். 1976-இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில், நூறு வயதைத் தாண்டிய மூதாட்டி தம் முன்னோர் ஊரைவிட்டு ஓடிவந்த கதையைச் சொல்கிறார். பின்னால் துரத்தி வருகிறார்கள், முன்னால் ஆறு. கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை ஆற்றைக் கடத்திவிடுகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யாரும் அது எப்படி முடியும் என்று கேட்பதில்லை. பாட்டி சொல்கிறார், அவ்வளவே.

எங்கள் அம்மாயிமாரும் இப்படியே பேசுவார்கள். “உங்க தாத்தா போன அன்னைக்கு அந்தப் பசுமாடு பச்சைத் தண்ணி குடிக்கல” என்பார்கள். சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, “கொடியில துணி கிடக்குது பாரு, மழை வருது, எடு” என்பார்கள். அந்த இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் இக்கதைகளின் இரகசியம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒரு காய்ச்சல் இரவு

இவற்றையெல்லாம் கேட்ட சில தோழியர், “எல்லாம் சரி. இது விஞ்ஞான யுகம். இல்லாததை இருப்பதாக நினைத்துச் சுகப்படுவது தப்பித்து ஓடுவது ஆகாதா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்களுக்கு விடை தெரியவில்லை. விடை கிடைத்தது வகுப்பில் அன்று, விடுதியில்.

ஐப்பசி மாதத்தில் எங்கள் தோழி ஒருத்திக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லி, எழுத அவளே சம்மதம் தந்தாள். அவள் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசுவார். டாக்டர் வந்து பார்த்து மாத்திரை கொடுத்தார். மூன்று இரவும் விடுதி சிஸ்டர் அவள் கட்டிலின் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மின்சாரம் போய்விட்டது. வெளியே நல்ல மழை. அவள் எங்களிடம், “அந்தத் தாயுமானவர் கதையைச் சொல்லுங்கடீ” என்றாள். சொன்னோம். வழக்கம்போல இரண்டாவது தாய் வாசலில் நிற்கும் இடத்தில் நிறுத்தினோம்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவளுக்கு வெள்ளம் வடிஞ்சதும் அம்மா வந்துட்டாங்க. எங்க அம்மா வர்றதுக்கு இன்னும் ஒரு வருஷம் எட்டு மாசம் இருக்கு” என்றாள். எங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவளே மறுபடியும் கேட்டாள். “சாமிதானே? வெள்ளத்தையே நிறுத்தியிருக்கலாமே. ஏன் நிறுத்தல?”

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கேள்வியை நாங்கள் மறுநாள் வகுப்பிற்குக் கொண்டுபோனோம். டீச்சர், “நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்” என்று விட்டுவிட்டார்கள். ஒருத்தி சட்டென்று எழுந்தாள். அவள் வீட்டில் கடலைக் கொல்லை உண்டு; இரண்டு வருடமாக மழை பொய்த்து நட்டப்பட்டவர்கள். “ஆத்துல தண்ணி வர்றதை எப்படி டீச்சர் நிறுத்தச் சொல்றது? அந்தத் தண்ணிதானே தஞ்சாவூர் வரைக்கும் எல்லாருக்கும் சோறு போடுது?” என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் பிறந்தவளுக்குத்தான் இந்த விடை தோன்றும்.

மாலையில் காய்ச்சல் விட்டு உட்கார்ந்திருந்த தோழியிடம் இதைச் சொன்னோம். அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆமாம். எங்க அம்மா அங்க போனதாலதான் நான் இங்க படிக்கிறேன்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நாங்களும் அழுதோம். அதன்பின் சமையற்கட்டு அக்கா கொடுத்தனுப்பிய மிளகு ரசத்தைக் குடித்தாள்.

கூட வந்து உட்காரும் அதிசயம்

அன்றுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. இந்தக் கதைகளில் வரும் அதிசயம் கஷ்டத்தை அழிப்பதில்லை. காவிரி வெள்ளம் அதன் போக்கில் ஓடியது. கடவுள் வந்து பிரசவம் பார்த்தார். கந்தசாமிப் பிள்ளையின் கடன் தீரவில்லை. ஆனால் அவர் குழந்தையோடு விளையாட ஒரு தாத்தா வந்தார். ஜப்பானிய எழுத்தாளர் தோஷிகாஸு கவாகுச்சி 2015-இல் ஒரு காபிக் கடையை வைத்து எழுதிய நாவல் இப்போது உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. அந்தக் கடையில் ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய காலத்துக்குப் போய் வரலாம். ஆனால் காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே போய் என்ன செய்தாலும் இன்றைய நிலை மாறாது என்பது கடையின் விதி. மாறாது என்று தெரிந்தும் மனிதர்கள் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். சொல்லாமல் விட்ட ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். வந்தபின் அவர்கள் மனம் மாறியிருக்கிறது.

தப்பித்து ஓடச் செய்யும் கதை, வெயிலே இல்லை என்று பொய் சொல்லும். நிழல் தரும் கதை அப்படிச் சொல்வதில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாலும் எதிரே வெயில் கொளுத்துவது நமக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஆறியபின் எழுந்து அந்த வெயிலில்தான் நடக்க வேண்டும். நடப்பதற்குத் தெம்பு தருவதே நிழலின் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்கதைகளைப் படித்த பிறகு எங்கள் கண் சற்று மாறியிருக்கிறது. கஞ்சி ஆற்றும் கை யாருடையது, இரவெல்லாம் விழித்திருப்பவர் யார் என்று கவனிக்கிறோம். தாய் வர முடியாத இடத்திற்குத் தாயாக வருகிறவர்கள் கதையில் மட்டும் இல்லை. அவர்களுக்கு நாங்கள் இதுவரை ஒரு நன்றி கூடச் சொன்னதில்லை.

ஆகவே தோழியரே, அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ ஒரு கதை கேட்டு வாருங்கள். அது எப்படி முடியும் என்று குறுக்கே கேட்காதீர்கள். அவர்கள் சொல்லி முடித்ததும் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வையுங்கள். எங்கள் தோழியின் அம்மா வருவதற்கு இப்போது ஒரு வருடம் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் அவளுக்குச் சொல்ல எங்களுக்கு நிறையக் கதைகள் வேண்டும்.

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி